படகில் சிரித்தவள்

விழுப்புரம் பக்கம், கெடாரை ஒட்டிய காலனியில் தேவநாதன் என்றால் எல்லோருக்கும் தெரியும். கரும்பு வெட்டுகிறவன். தலையில் கரும்புக் கட்டு ஏறிவிட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அவன் மட்டும் லாரிப் பலகையில் ஏறும்போதும் யாரையாவது கேலி செய்துகொண்டே போவான். நாற்பத்து நாலாவது வயதில் அவனுக்குக் கால் வீங்கியது. முதலில் முள் குத்தியிருக்கும் என்றார்கள், அப்புறம் வாதம் என்றார்கள், கடைசியில் கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் விழுப்புரம் போய், மெஷினோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு திரும்புவதே அவன் பிழைப்பாகிவிட்டது.

வீட்டில் ஒருவராவது சம்பாதித்தாக வேண்டும். அவன் மனைவி அன்புச்செல்வி திண்டிவனத்தில் பிரவீன்குமார் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். பிரவீன்குமாருக்கு இரண்டு கல்குவாரியும் கல் உடைக்கிற கிரஷர் ஒன்றும் இருந்தன. மரக்காணம் ரோட்டில் பெரிய வீடு. சமைக்க ஆள் தனியாக இருந்தது. அன்புச்செல்விக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. திங்கள் முதல் சனி வரை அங்கேயே தங்குவாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஊருக்கு வருவாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டுப் பெண்குழந்தைக்கு ஒன்றரை வயது. பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நான்கு வருஷத்தில் அந்தக் குழந்தை, பெற்றவள் ஊட்டினால் துப்பும், அன்புச்செல்வி ஊட்டினால் விழுங்கும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

பெற்றவள் அருணா. அன்புச்செல்வியைவிட ஆறேழு வயது சின்னவள். ஆனால் அன்புச்செல்வி அவளை "அம்மா" என்பாள், அவள் இவளை "அன்பு" என்பாள். கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. தீபாவளிக்கு நல்ல சேலை எடுத்துக் கொடுப்பாள். தேவநாதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று வாரம் தவறாமல் விசாரிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அருணாவுக்கு முப்பத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. பிரவீன்குமார் குடும்பத்தையும், இரண்டு நண்பர்கள் குடும்பத்தையும் பிரான்ஸ் நாட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. தெற்கே நீஸ் என்ற ஊரில் பத்து நாள் தங்கல். பிறந்தநாள் அன்றைக்குத் தனியாக ஒரு சொகுசுப் படகு பிடித்து, காலையிலிருந்து மாலை வரை கடலோரமாகச் சுற்றி வருவது. அதை மூன்று மாதத்துக்கு முன்பே பதிவு செய்துவிட்டார்கள்.

"பாப்பா உன்ன விட்டா யார்கிட்டயும் சாப்பிட மாட்டா, அன்பு. பத்து நாள்தான். நீ வந்தே ஆவணும்" என்றாள் அருணா. "திரும்பி வந்ததும் உன் வீட்டுக்காரர மெட்ராஸ்ல பெரிய டாக்டர்கிட்ட காட்டறேன்னு சார் சொல்லியிருக்காரு. கிட்னி மாத்த முடியுமான்னு கேட்டுடலாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அன்புச்செல்வியை யோசிக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

"போய்ட்டு வாயேன். நம்ம தெருவுல எவளாவது ஏரோப்ளேன் ஏறியிருக்காளா?"

"ஒன்ன இப்புடி விட்டுட்டு எப்புடிய்யா போறது?"

"நான் இன்னா ஓடியா பூடப்போறேன்? கலை இருக்குது இல்ல."

கலைப்பிரியா அவர்களுடைய ஒரே மகள். விழுப்புரத்தில் நர்சிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "நான் பத்து நாள் லீவு போட்டுக்கினு வீட்ல இருக்கேம்மா. அப்பாவ ஆஸ்பத்திரிக்கு நானே இட்டுக்கினு போறேன். நீ பயப்படாம போ" என்று அவளும் தைரியம் சொன்னாள்.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கப் போலீஸ்காரர் காலனிக்கு வந்த அன்று தெருவே கூடிவிட்டது. என்னவோ ஏதோ என்று பயந்து வந்தவர்கள், விஷயம் தெரிந்ததும் அன்புச்செல்வியைச் சுற்றி நின்று கிண்டல் பண்ணினார்கள். தேவநாதன் அன்றைக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

அன்புச்செல்வியின் பட்டன் போன் அங்கே வேலை செய்யாது என்பதால் அதைத் திண்டிவனத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். தினமும் சாயந்திரம் அருணா தன் போனைக் கொடுப்பாள், வீட்டுக்குப் பேசலாம் என்று ஏற்பாடு. அவசரம் என்றால் கூப்பிட அருணாவின் நம்பரைக் கலைப்பிரியா வாங்கி வைத்துக்கொண்டாள். ஆறு நாள் அப்படித்தான் நடந்தது. ஆறாம் நாள் பேசும்போது தேவநாதன், "நாளைக்குத்தான கப்பலு? எல்லாத்தையும் நல்லாப் பாத்து வெச்சிக்கினு வந்து சொல்லு" என்றான். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

ஏழாம் நாள் நடந்ததை மணிக்கணக்கோடு சொன்னால்தான் விளங்கும். நமக்கும் பிரான்ஸுக்கும் அந்த மாதத்தில் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். நமக்கு வெயில் ஏறிய பிறகுதான் அங்கே ஆட்கள் எழுந்திருப்பார்கள்.

நம் நேரப்படி காலை எட்டரைக்குத் தேவநாதனுக்கு மூச்சு முட்டியது. கலைப்பிரியா ஒரு ஆட்டோ பிடித்து அவனை ஏற்றினாள். கூடச் சித்தப்பா தமிழ்மணி, தேவநாதனின் தம்பி. வழியில் காணை ஊரைத் தாண்டும்போது அவன் தலை சாய்ந்துவிட்டது. ஓடுகிற ஆட்டோவிலேயே அவனைச் சீட்டில் கிடத்தி, படித்த படிப்பையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு அந்தப் பெண் அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தும் வரை அவள் நிறுத்தவில்லை.

பத்தரை மணிக்கு அருணாவின் போனுக்குக் கூப்பிட்டாள். அங்கே காலை ஏழு. அன்புச்செல்வி அப்போது பக்கத்து அறையில் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அப்பா செத்துப்போய்ட்டாரு. அம்மாகிட்ட குடுங்க" என்றாள் கலைப்பிரியா.

அருணா அழுதாள். அது உண்மை. "அய்யோ கடவுளே" என்றாள். "அம்மா வர்ற வரைக்கும் அப்பாவ வெக்கலாமான்னு கேக்கணும், மேடம். ஐஸ் பொட்டி சொல்லட்டுமான்னு சித்தப்பா கேக்கறாரு" என்றாள் கலைப்பிரியா. "இரும்மா, நானே சொல்லிட்டு, கேட்டுட்டுத் திரும்பக் கூப்புடறேன்" என்று அருணா போனை வைத்தாள்.

புருஷனை எழுப்பினாள். பிரவீன்குமார் படுக்கையில் உட்கார்ந்தபடியே கேட்டான். பிறகு சொன்னான்: "இப்ப சொன்னா என்ன ஆவும்? ஒப்பாரி வெப்பா. ஓட்டலே கூடிடும். இன்னிக்கே டிக்கெட் கெடச்சாலும் நாளான்னிக்குத்தான் ஊரு போய்ச் சேருவா. பாப்பாவ யாரு பாத்துக்கறது? எல்லாரும் படகுக்குக் கெளம்பிக்கினு இருக்காங்க. போனது போயிடுச்சு. சாயந்திரம் சொல்லிக்கலாம்."

"பாடிய வெக்கலாமான்னு கேக்குதே அந்தப் பொண்ணு?"

"எடுத்துடச் சொல்லு. வெச்சிருந்தா இவ உடனே போவணும்னு நிப்பா."

வெளியூரில் இருக்கிற ஒருவருக்காக இரண்டு நாள் மூன்று நாள் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பது விழுப்புரம் பக்கத்தில் சாதாரணம். துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து ஆள் வரும்வரை காத்திருந்த சாவுகள் கெடாரிலேயே எத்தனையோ. பிரவீன்குமாருக்கும் அது தெரியும், அருணாவுக்கும் தெரியும். ஆனாலும் இருபது நிமிஷம் கழித்து அருணா கலைப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா பேசற நெலமையில இல்லம்மா. அழுதுக்கிட்டே கெடக்கறா. இங்கேருந்து வர நாலு நாள் ஆவும், எனக்காகக் காத்திருக்க வேணாம், எடுத்துடுங்கன்னு சொல்லச் சொன்னா."

"அம்மாவா சொன்னாங்க?"

"ஆமாம்மா."

இதைச் சொல்லிவிட்டு அருணா முகம் கழுவிக்கொண்டு வந்து, அன்புச்செல்வியின் தோளில் கை வைத்து, "என்னோட சுடிதார் ஒண்ணு தர்றேன், போட்டுக்க. படகுல சேல பறக்கும்" என்றாள். அன்புச்செல்வி வாழ்க்கையில் சுடிதார் போட்டதில்லை. வானத்து நீலத்தில் இருந்தது அது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

படகுத்துறையில் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் படகுகள் வரிசையாக நின்றன. இவர்களுடையது இரண்டு அடுக்கு. ஏறுகிற பலகைக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை வைத்திருந்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றி அதில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏற வேண்டும். உள்ளே மெத்தை போட்ட இருக்கைகள், குளிர்ந்த துண்டுகள், வெள்ளி வாளியில் ஐஸ். கேப்டனும், அரை டவுசர் போட்ட இரண்டு ஆண்களும், பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தியும் வேலைக்கு இருந்தார்கள். அந்தப் பெண் தட்டில் ரோஸ் நிற ஜூஸ் கொண்டுவந்து வரிசையாகக் கொடுத்தபோது அன்புச்செல்விக்கும் நீட்டினாள்.

"நோ நோ, ஷி இஸ் ஸ்டாஃப்" என்றார் பிரவீன்குமாரின் நண்பர் ஒருவர்.

தட்டு திரும்பியது. உடனே அருணா எழுந்து, தானே ஒரு டம்ளரை எடுத்து அன்புச்செல்வி கையில் கொடுத்தாள். "குடி அன்பு. இன்னிக்கி நீ ஒண்ணும் செய்ய வேணாம். எங்களோட உக்காரு" என்றாள்.

அன்புச்செல்விக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நான்கு வருஷத்தில் அருணா இப்படிச் சொன்னதில்லை. பிறந்தநாள் என்பதால் மனசு குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

படகு கிளம்பியதும் பயந்தாள். அவள் பார்த்த கடல் மரக்காணத்துக் கடலும் பாண்டிச்சேரிக் கடலும்தான். அலை வந்து மோதுகிற, மண் நிறத்தில் கலங்கிய கடல். இதில் அலையே இல்லை. ஒரு பக்கம் செங்குத்தான பாறைகள், பாறை மேல் ரோஸும் மஞ்சளுமாக வீடுகள், அவற்றுக்கு நடுவே கரும்பச்சை மரங்கள். பாப்பா அவள் மடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டியது. டிபன் பாக்ஸில் கொண்டுபோன தயிர்சாதத்தை ஊட்டினாள். குழந்தை வாந்தி எடுக்கவில்லை. அதுவே பெரிய நிம்மதி.

மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் பாறைகள் வளைந்து நின்ற ஓர் இடத்தில் படகை நிறுத்தினார்கள். தண்ணீர் அடிவரை தெரிந்தது. படகின் நிழல் கீழே மணலில் விழுந்திருந்தது. ஆண்கள் குதித்து நீந்தினார்கள். படகின் பின்புறத்தில் தண்ணீரை ஒட்டி ஒரு படி இருந்தது. பாப்பா அவளை அங்கே இழுத்துக்கொண்டு போய், தன் அம்மாவின் கறுப்புக் கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டிவிட்டு, "கால உள்ள வை, அன்பு!" என்றது. வைத்தாள். ஐஸ் மாதிரி குளிர்ந்தது. "அய்யோ!" என்று கத்தினாள். சின்னச் சின்ன மீன்கள் வந்து பாதத்தைத் தொட்டுவிட்டு ஓடின. கூசியது. அவள் சிரித்தாள். குழந்தை சிரிக்கச் சிரிக்க அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தாமல், பல்லெல்லாம் தெரிய, வெகு நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரித்தாள். இதை ஊரில் இருக்கிற அந்த ஆளிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் நம்ப மாட்டானே என்று அந்த நேரத்தில் நினைத்ததாக அவள் பின்னால் சொன்னாள்.

கூட வந்த ஒரு பெண் அதைப் போனில் வீடியோவாகப் பிடித்து அருணாவுக்கும் அனுப்பினாள். பாப்பாவின் சிரிப்பு அழகாக இருந்தது என்று அருணா அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். எதையும் யோசித்துப் போடவில்லை.

பன்னிரண்டரைக்குக் கேக் வெட்டினார்கள். அருணா முதல் துண்டைப் புருஷனுக்கும் இரண்டாவதைக் குழந்தைக்கும் ஊட்டிவிட்டு, மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டு அன்புச்செல்வியிடம் வந்தாள். தன் கையாலேயே ஊட்டினாள். அப்போது கெடாரில் மணி நாலு. தேவநாதனைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு காலனி எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். கட்டின பெண்டாட்டி இல்லாமல் வாய்க்கரிசி போட்டு முடித்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்து குளித்துவிட்டு ஆண்கள் திரும்பியபோது தமிழ்மணியின் போனுக்கு ஒரு வீடியோ வந்திருந்தது. அனுப்பியவன் பிரவீன்குமாரின் டிரைவர் கோபி. காணைப் பக்கத்துக்காரன், தமிழ்மணிக்குப் பழக்கம். சாவுச் செய்தி அவனுக்குத் தெரியாது. முதலாளியம்மாவின் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணி செம ஜாலி" என்று எழுதி அனுப்பியிருந்தான். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், விளக்கு ஏற்றுவதற்குள் அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் காலனியில் இல்லை.

படகு ஆறு மணிக்குத் துறைக்குத் திரும்பியது. அந்த ஊரில் அப்போதும் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டல் அறையில் அருணா அன்புச்செல்வியை உட்காரச் சொன்னாள். "உன் வீட்டுக்காரர் தவறிட்டாராம், அன்பு. இப்பதான் போன் வந்துச்சு."

"எந்த வீட்டுக்காரரும்மா?" என்றாள் அன்புச்செல்வி.

இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் விளங்கியது. தரையில் சரிந்தவள், கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து கையை நீட்டினாள். அருணா போனைக் கொடுக்கத் தயங்கினாள். கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

"கலை... அப்பாவ எங்கடீ வெச்சிருக்கீங்க? ஐஸ் பொட்டி சொன்னீங்களா? நான் எப்புடியாவது வந்துடறேன். எடுத்துடாதீங்க."

அந்தப் பக்கத்திலிருந்து கலைப்பிரியா பேசினாள்.

"யாருகிட்டம்மா நடிக்கிற? நீதான எடுத்துடச் சொன்ன."

"நானா?"

"காலைலயே சொல்லி அனுப்புனியே. அழுதுக்கினு கெடக்கறான்னு அந்த மேடம் சொன்னாங்க. நாங்களும் நம்பிக்கினு எடுத்துட்டுப் போய்ட்டோம். அப்புறம் பாத்தா, நீ கூலிங்கிளாஸ் போட்டுக்கினு சிரிச்சிக்கினு இருக்கற. எங்கப்பா மேல மண்ணு விழும்போது நீ சிரிச்சிக்கினு இருக்கற."

போன் துண்டானது. அன்புச்செல்வி திரும்பி அருணாவைப் பார்த்தாள்.

"காலைலயேவாம்மா?"

"உன் நல்லதுக்குத்தான் அன்பு. மொழி தெரியாத ஊர்ல நீ எப்படித் தாங்குவ..."

"நான் எடுத்துடச் சொன்னேன்னு சொன்னீங்களா?"

பக்கத்தில் நின்ற பிரவீன்குமார் குறுக்கிட்டான். "சரி, நடந்தது நடந்து போச்சு. இனிமே அவசரமா போயி என்ன பண்ணப்போற? தனியா நடுவுல எறங்கி வேற ஏரோப்ளேன் மாறணும். உனக்குத் தெரியுமா? மூணு நாள்ல எல்லாரும் சேந்தே போயிடலாம்."

அவளுடைய பாஸ்போர்ட் அவனுடைய பெட்டகத்துக்குள் இருந்தது. அதைக் கேட்டு வாங்கினாலும் எந்தப் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் அவள் அந்த ஓட்டலில்தான் இருந்தாள். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பொட்டை அழித்தாள், வளையலைக் கழற்றினாள். அழுகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மறுநாள் காலை அருணா வந்து மெல்லிய குரலில், "ஊருக்குப் போற வரைக்கும் பொட்டு வெச்சுக்கோயேன், அன்பு. உன் மொகத்தப் பாத்துப் பாப்பா பயப்படறா" என்றாள். அவள் வைக்கவில்லை. ஆனால் பாப்பாவுக்கு மூன்று வேளையும் ஊட்டினாள். அந்தக் குழந்தை மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. திரும்புகிற விமானத்தில் குழந்தை அவள் மடியில்தான் தூங்கியது.

கெடாருக்கு அவள் வந்து இறங்கியபோது தெருவில் யாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. சாவு வீட்டுக்கு வருகிறவளை எதிர்கொண்டு அழுவதுதான் வழக்கம். பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி அவள் காதில் விழும்படியே, "கூலிங்கிளாஸ் எங்க காணோம்?" என்றாள். தமிழ்மணி மட்டும் வந்து பையை வாங்கிக்கொண்டான். "உள்ள வாங்கண்ணி" என்றான். கலைப்பிரியா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவில்லை.

அன்புச்செல்வி நடந்ததையெல்லாம் சொன்னாள். தனக்குத் தெரியவே தெரியாது, சாயந்திரம்தான் சொன்னார்கள் என்று தேவநாதன் போட்டோ மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். தமிழ்மணி நம்பினான். மற்றவர்கள் நம்பினதாகவும் காட்டிக்கொள்ளவில்லை, நம்பாததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. பெற்ற மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

பதினாறாம் நாள் கருமாதி. விடியற்காலையில் பெண்கள் கூடித் தாலியைக் கழற்றினார்கள். பத்து மணி சுமாருக்கு வாசலில் கார் வந்து நின்றது. கோபி கதவைத் திறக்க, அருணா இறங்கினாள். மாலையும் பழமும் கொண்டுவந்திருந்தாள். கூட்டம் எழுந்து வழிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். போட்டோவுக்கு மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு அருணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்புச்செல்வி உள்ளே போய், வராமல் முரண்டு பிடித்த மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அருணா முன்னால் நிறுத்தினாள்.

"அம்மா, நான் உங்க வீட்ல நாலு வருசம் இருந்தேன். ஒரு நாளும் எதுவும் கேட்டதில்ல. எம்பொண்ணுகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. எடுத்துடச் சொன்னது நான் இல்லன்னு. அது போதும்."

ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் அருணாவைப் பார்த்தார்கள். அருணா அத்தனை முகங்களையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அன்னிக்கி இருந்த டென்ஷன்ல யாரு என்ன பேசினாங்கன்னு எனக்கே ஞாபகம் இல்ல, அன்பு. நீயும் மயக்கத்துல இருந்த. நீ என்ன சொன்னியோ அதத்தான் நான் சொல்லியிருப்பேன்."

"நான் மயக்கத்துலயா இருந்தேன்? எனக்குக் கேக்கு ஊட்டுனீங்களேம்மா."

அருணா எழுந்துவிட்டாள். "துக்கத்துல பேசறா. பாத்துக்குங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கோபி தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த வீடியோவை அனுப்பியதற்காக அவன் பின்னால் தமிழ்மணியிடம் அழுததாகச் சொல்கிறார்கள். முதலாளியம்மாவைப் பற்றி அவனும் வாய் திறக்கவில்லை. பிழைப்பு அங்கே இருந்தது.

அன்று எல்லோரும் போன பிறகு, அன்புச்செல்வி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் கலைப்பிரியா வந்து நின்றாள். அம்மா ஊர் திரும்பிய பிறகு அவளிடம் தானாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும்மா. அவங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடுச்சி."

அன்புச்செல்வி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஆனா எங்கண்ண மூடுனா நீ சிரிக்கறதுதான் வருது. அத இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியாதேடீ, தெரியாமத்தான சிரிச்சேன்."

"தெரியும்மா. தெரிஞ்சும் வருது. அந்த ஆட்டோல நான் அப்பா நெஞ்ச அமுக்குனனே, அதோட சேந்து வருது."

தான் சந்தோஷமாக இருந்தது உண்மைதான் என்பது அன்புச்செல்விக்கே உறுத்திக்கொண்டிருந்தது. ஊரார் சொன்னதைவிட, மகள் சொன்னதைவிட, அதுதான் அவளை அதிகம் தின்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து மொத்தமாகக் கூட்டினாலும் அப்படிக் கவலை இல்லாமல் இருந்த நேரம் அரை மணி இருக்காது. அந்த அரை மணியும் அன்றைக்குத்தானா வர வேண்டும் என்று கேட்பாள். யாரிடம் கேட்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது.

பிரவீன்குமார் வீட்டுக்கு அவள் மறுபடி போகவில்லை. பாப்பா சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். கேஸ் கொடுக்கலாம் என்று காலனியில் படித்த ஒருவன் சொன்னான். என்ன கேஸ் என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. பொய் சொன்னதற்கும், ஒரு பொம்பளையை அவள் புருஷன் முகத்தைப் பார்க்க விடாததற்கும் எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? சில மாதம் ஊரில் களை எடுக்கப் போனாள், கடலைக் காட்டில் மல்லாட்டை பறிக்கப் போனாள். வயல் வேலையில் நாலு பேர் சேர்ந்தால் அந்தப் பேச்சு வந்துவிடும். அதனால் திண்டிவனத்துக்கே திரும்பி, வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள். அங்கே யாருக்கும் அவள் கதை தெரியாது. வேடிக்கையாக யாராவது ஏதாவது சொல்லி எல்லோரும் சிரித்தால், இவள் அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள். ரொம்பக் கடுகடுப்பான அக்கா என்று அந்தப் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

கலைப்பிரியா படிப்பை முடித்துச் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாதத்துக்கு ஒரு முறை போன் வரும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வெச்சிடறேன். அவ்வளவுதான். வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் மொழி படித்திருக்கிறாள், அந்த நாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகப்போகிறாள் என்பதைத் தமிழ்மணி சொல்லித்தான் அன்புச்செல்வி தெரிந்துகொண்டாள்.

போவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் திண்டிவனத்துக்கு வந்தாள். விடுதிக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் நின்று பேசினார்கள்.

"குளுரு அதிகமாமே. கம்பளி வாங்கிக்கினியா?"

"வாங்கிட்டேன்."

"சாப்ட்டுப் போயேன். கேப்பை அடை சுட்டுத் தர்றேன், ஜல்தி ஆயிடும்."

"வேணாம்மா. டைம் இல்ல."

பிறகு அன்புச்செல்வி சொன்னாள்: "எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, ஒனக்கே நேரா போன் பண்ணச் சொல்லி ஒஞ்சித்தப்பாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நடுவுல யாரும் வேணாம். நீ வர்றதும் வராததும் ஒன் இஷ்டம். ஆனா ஒன் வாயால சொல்லு."

கலைப்பிரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம், "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றாள். சென்னை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். தெருமுனையில் திரும்பிப் பார்ப்பாள் என்று அன்புச்செல்வி நின்றாள். மகள் போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். உள்ளே இரவுச் சாப்பாட்டுக்கு நாற்பது பேருக்கு மாவு பிசைய வேண்டியிருந்தது.